தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போகிறவர்கள் ‘சரி’ சொல்லும் முன்

வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் சிலர் ‘யா’வையும் ‘ஆமா’வையும் ஒட்டி ‘யாமா’ என்பார்கள். ‘ஓகே’யும் ‘சரி’யும் சேர்ந்து ‘ஓகரி’ ஆகிவிடுவதும் உண்டு. ஊருக்குப் போகும்போது இதையெல்லாம் பேசாதே என்று பிள்ளைகளை அடக்காதீர்கள். அத்தை, சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அவர்களிடமும் ஒட்டுச்சொல் உண்டு: ‘சரிங்க அண்ணா’ வேகத்தில் ‘சரிங்ணா’ ஆகிவிடும்.

பெரியவர்களிடம் மட்டும் ‘ங்க’ விட்டுப்போகக் கூடாது. ‘ஓகேங்க’ கூடப் பரவாயில்லை, வெறும் ‘ஓகே’ விறைப்பாகக் கேட்கும். ‘ஓம்’ என்று பழகிய யாழ்ப்பாணத்து உறவுகள் ‘ஆமாங்க’ என்றால் யாரும் விழிக்க மாட்டார்கள்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். இந்தப் பக்கத்து வீடுகளில் ராகிக் களியும் கீரைக் குழம்பும் வைத்தால், அது மனசாரச் செய்யும் உபசாரம். “இன்னொரு உருண்டை போடட்டுங்களா?” என்று கேட்கும்போது பேச்சு சுவாரசியத்தில் ‘ம்’ என்றாலோ, தலையை லேசாகப் பக்கவாட்டில் ஆட்டினாலோ, அது சம்மதம்தான். கையளவு உருண்டை தட்டில் விழுந்துவிடும். மீதி வைத்தால் செய்தவர் முகம் வாடும். வேண்டாமென்றால் தட்டுக்கு மேல் கையை நீட்டி, “போதுங்க அத்தை, வயிறு நிறைஞ்சிருச்சு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒகேனக்கல்லிலும் அப்படித்தான். பரிசலில் ஏறும் முன்பே கட்டணத்தையும் எதுவரை போகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். “அந்தப் பக்கமும் காட்டட்டுங்களா?” என்றால் அருவியைப் பார்த்தபடி ‘ம்’ கொட்டாதீர்கள், கூடுதல் பணத்துக்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். “எவ்வளவுங்க?” என்று கேட்டுவிட்டு அப்புறம் ‘சரிங்க’ சொல்லலாம். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலையே நிறுத்திவிடுவார்கள், அதையும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

நீங்கள் ஒன்று கேட்டு, எதிரில் இருப்பவர் “பாக்கலாங்க” என்றால் அது பெரும்பாலும் மறுப்புதான். முகத்துக்கு நேரே ‘முடியாது’ சொல்ல மனம் வராது. அதற்கு மேல் வற்புறுத்தாமல் விடுவதே மரியாதை.

ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் கலந்து காதில் விழும். ஆமா என்பதற்குத் தெலுங்கில் ‘அவுனு’, கன்னடத்தில் ‘ஹௌது’. இரண்டும் நாக்கில் வராவிட்டாலும் கவலையில்லை, ‘சரி’ இரண்டு மொழிக்காரர்களுக்கும் புரியும்.