பெட்டிக்கு எண், சரக்குக்குச் சீட்டு: கிளவுடில் பெயரும் டேக்கும் வைக்கும் முறை

ஒரு சனிக்கிழமை மாலை, கிளவுடில், அதாவது இணையம் வழியாக நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் கணினிகளில், "டெஸ்ட்-2" என்று பெயர் போட்டிருந்த மெஷின் ஒன்றை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். பில்லில் மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. இரவு ஒன்பதரை மணிக்குத் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டிலிருந்து கேட் சூப்பர்வைசர் அழைத்தார்.

"ஏம்மா, கேட் பாஸ் அச்சாகவில்லை. வெளியே டிரெய்லர் எல்லாம் மாட்டுமந்தை வரைக்கும் நிற்கிறது. டிரைவர்கள் என்னை உண்டு இல்லை என்று ஆக்குகிறார்கள்."

டெஸ்ட்-2 தான் இரண்டு வருடமாக அந்த யார்டின் கேட் பாஸ் அச்சிடும் சர்வர். சோதனைக்கு என்று தொடங்கி, நன்றாக ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிட்டார்கள். மெஷினைத் திரும்ப ஓடவிட எனக்கு நான்கு நிமிடம் ஆனது. வண்டிகளின் வரிசை கரைய நள்ளிரவு தாண்டிவிட்டது.

வெட்கமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. மென்பொருள் பக்கம் வருவதற்கு முன் ஒன்பது வருடம் நான் யார்டில் டாலி கிளார்க், வந்துபோகும் பெட்டிகளை எண் பார்த்துக் குறிப்பவள். எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் பெட்டியை கேட் தாண்ட விடாதவள். அப்படிப்பட்டவள் திரையில் தெரிந்த ஒரு பெயரை நம்பி சுவிட்சை அணைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ராயபுரம் கல்மண்டபத்தில் உள்ள எங்கள் சின்ன அலுவலகத்தில் பெயருக்கும் டேக்குக்கும் ஒரு முறை வகுத்தோம். அதைத்தான் எழுதுகிறேன். டேக் என்பது கிளவுடில் உள்ள ஒரு பொருளின் மீது ஒட்டும் சின்னச் சீட்டு; அதில் ஒரு தலைப்பும் அதற்கு ஒரு மதிப்பும் இருக்கும். பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன். கிளவுடில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகத்தான் இருக்கும்.

முதலில் பெட்டியைப் பாருங்கள்

எண்ணூர் விரைவுச் சாலையில் எந்த கன்டெய்னரின் கதவைப் பார்த்தாலும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரநிலை வகுத்த முறை இது. முதல் மூன்று எழுத்து பெட்டியின் சொந்தக்காரர், நான்காவது எழுத்து பெட்டியின் வகை, ஆறு இலக்கம் வரிசை எண். கட்டத்துக்குள் இருப்பது சரிபார்ப்பு இலக்கம்: முன்னால் உள்ள பத்தையும் ஒரு கணக்கில் போட்டு 11 ஆல் வகுத்தால் வரும் மீதி (மீதி 10 வந்தால் 0). இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதிவிட்டால் பெரும்பாலும் கணக்கு உதைக்கும். அந்த உதையில் எத்தனையோ இரவுகள் நான் தப்பித்திருக்கிறேன்.

அந்தக் கதவில் இல்லாதது என்ன என்பதுதான் முக்கியம். உள்ளே வெங்காயமா, மோட்டார் உதிரிபாகமா என்று எழுதியிருக்காது. யாருக்குப் போகிறது, எந்தக் கப்பல், யார் பணம் கட்டுகிறார்கள் என்றும் இருக்காது. அதெல்லாம் சீட்டில் இருக்கும். பயணத்துக்குப் பயணம் சீட்டு மாறும், பெட்டியின் எண் மாறாது. கிளவுடிலும் இதே பிரிவினைதான். மாறாதது பெயரில், மாறக்கூடியது டேக்கில். சந்தேகம் வரும் எதையும் டேக்கில் போடுங்கள்.

பெயரைக் கட்டுவது

நாங்கள் வைத்துக்கொண்ட வரிசை: செயலி, சூழல், ஊர், வேலை, எண். சூழல் என்றால் சோதனையா, நிஜ வேலை நடக்கும் உற்பத்தியா என்பது; உற்பத்திக்கு "பிராட்". ஊர் என்றால் கிளவுட் கணினிகள் இருக்கும் நகரம். கேட் பாஸ் செயலியின் தரவுத்தளம் என்றால் "கேட்-பிராட்-பாம்-டிபி-01". செயலி முன்னால் வரக் காரணம், பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் ஒரு செயலியின் சாமான் எல்லாம் ஒரே இடத்தில் வந்து உட்காரும். எண் எப்போதும் இரண்டு இலக்கம். இல்லாவிட்டால் 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கும்.

ஆட்களின் பெயர் வேண்டாம். வேலையை விட்டுப் போய் வெகுநாளான ஒருவரின் பெயரில் எங்களிடம் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. "புது" வேண்டாம், "ஃபைனல்" அறவே வேண்டாம். மெஷினின் அளவும் வேண்டாம். கன்டெய்னரில் 22ஜி1 என்று இருபது அடிப் பெட்டிக்கும் 45ஜி1 என்று உயரமான நாற்பது அடிப் பெட்டிக்கும் அளவை எழுதுகிறார்களே என்று கேட்கலாம். இரும்புப் பெட்டி வளராது. கிளவுட் மெஷின் ஒரு மாதத்தில் மீடியத்திலிருந்து லார்ஜ் ஆகிவிடும், பெயர் மீடியம் என்றே பல்லிளித்துக்கொண்டிருக்கும்.

ஊர்ப் பெயரில் ஒரு குழி இருக்கிறது, நாங்கள் விழுந்தே விட்டோம். முதலில் "தெற்கு" என்று பொருள்படும் குறியீட்டை வைத்திருந்தோம். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அசூரில் சவுத் இந்தியா என்பது சென்னை. அமேசானின் கிளவுடான ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் ஏபி-சவுத்-1 மும்பை, ஏபி-சவுத்-2 ஹைதராபாத். கூகுள் கிளவுடில் ஏசியா-சவுத்1 மும்பை, ஏசியா-சவுத்2 டெல்லி. டெல்லியைத் தெற்கு என்று சொல்லும் இடத்தில் வேலை செய்கிறோம் என்பதை மறந்துவிட்டோம். திசையை விட்டுவிட்டு நகரத்துக்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்துக் குறியீடு வைத்தோம்: பாம், ஹைத், டெல், மா. விமான நிலையங்களின் குறியீடுகள்தான்.

பம்பாய்க்கு "பாம்", சென்னைக்கு "மா" என்றதும் புதிதாக வந்த பையன் சிரித்தான். "அக்கா, இப்போது மும்பை, சென்னைதானே?" சென்னை என்று பெயர் மாறியது 1996-இல். துறைமுகக் காகிதங்களில் ஊரின் குறியீடு இன்றும் மதராஸ் காலத்து ஐ.என்.எம்.ஏ.ஏ. தான், அதன் கடைசி மூன்றெழுத்துதான் எங்கள் "மா". குறியீடு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஊரின் பெயரோடு சேர்ந்து அதுவும் ஆடக் கூடாது.

அடுத்து நீளம். கிளவுடில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விதி. ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் கோப்புகளைப் போட்டுவைக்கும் எஸ்3 பக்கெட்டுக்கு 3 முதல் 63 எழுத்து, பெரிய எழுத்து கூடாது, அடிக்கோடு கூடாது. உலகத்தில் வேறு யாரோ அந்தப் பெயரை எடுத்திருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. அதனால் பக்கெட்டுக்கு மட்டும் முன்னால் நிறுவனத்தின் சுருக்கத்தைச் சேர்க்கிறோம். அசூரில் தரவைச் சேமிக்கும் ஸ்டோரேஜ் அக்கவுன்ட்டுக்கு 24 எழுத்துதான், இணைகோடு கூட ஏற்காது. விண்டோஸ் மெஷினின் கணினிப் பெயருக்கு 15. ஆகவே ஒவ்வொரு துண்டையும் நான்கு எழுத்துக்குள் அடக்குங்கள். இணைகோடுகளை எடுத்துவிட்டாலும் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். பக்கெட்டின் பெயரைப் பிறகு மாற்ற முடியாது. அசூரில் பெரும்பாலானவற்றின் பெயரையும் மாற்ற முடியாது; அழித்துவிட்டுப் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

ஏ.டபிள்யூ.எஸ். வாடகைக்குத் தரும் ஈ.சி.2 மெஷினில் இன்னொரு விஷயம். அங்கே "நேம்" என்பதே ஒரு டேக்தான். இரண்டு மெஷினுக்கு ஒரே பெயர் வைத்தாலும் எதிர்ப்பு சொல்லாது. கன்டெய்னருக்கு இருப்பது போன்ற சரிபார்ப்பு இலக்கம் எதுவும் கிடையாது. எதையாவது நிறுத்துமுன் பெயரோடு, ஏ.டபிள்யூ.எஸ். தானே கொடுக்கும் இன்ஸ்டன்ஸ் ஐ.டி. என்ற அடையாளக் குறியையும் வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

செல்லப் பெயர் வைக்கக் கூடாதா என்று கேட்பவர்களைக் காசிமேட்டுக்கு அழைத்துப் போகலாம். ஒவ்வொரு விசைப்படகிலும் அம்மன் பெயரோ அந்தோணியார் பெயரோ பெரிதாக இருக்கும், பக்கத்தில் மாநிலம், மாவட்ட எண், படகின் வகை, வரிசை எண் கொண்ட பதிவெண்ணும் இருக்கும். கரையில் கூப்பிடுவது சாமி பெயரைச் சொல்லி. கடலில் வழிமறித்துக் கேட்பவர் பார்ப்பது பதிவெண்ணை. மெஷினை வாயால் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.

டேக்: குறைவாக, ஒரே எழுத்தில்

ஏ.டபிள்யூ.எஸ்.ஸும் அசூரும் ஒரு பொருளுக்கு 50 டேக் வரை ஒட்ட விடுகின்றன. கூகுளில் லேபிள் என்ற பெயரில் 64. நாங்கள் ஐந்தோடு நிறுத்திக்கொண்டோம்: உரிமை, செலவுக் குறியீடு, சூழல், தரவின் வகை, முடிவுத் தேதி. உரிமையில் ஆளின் பெயர் வராது, குழுவின் பொது மின்னஞ்சல்தான் வரும். தரவின் வகையில் "பொது", "உள்", "வாடிக்கையாளர்" என்ற மூன்றைத் தவிர வேறு மதிப்பு கிடையாது. சோதனைக்கு எழுப்பிய எதுவும் முடிவுத் தேதி இல்லாமல் பிறக்கக் கூடாது. டெஸ்ட்-2 மீது அப்படி ஒரு தேதி ஒட்டியிருந்தால், அந்தத் தேதியில் யாராவது ஒருவர் "இது இன்னும் எதற்கு?" என்று கேட்டிருப்பார்.

தேதியை வருடம்-மாதம்-நாள் என்றே எழுதுங்கள். 03/04 என்று எழுதிய லாரிச் சீட்டை மார்ச் என்று ஒருவரும் ஏப்ரல் என்று ஒருவரும் படித்து நடந்த சண்டைக்கு நானே சாட்சி. கடவுச்சொல், வாடிக்கையாளரின் தொலைபேசி எண் போன்றவை டேக்கில் வரவே கூடாது. பில் பார்க்கிறவர் வரைக்கும் எல்லார் கண்ணிலும் படும் இடம் அது.

எங்களை அதிகம் அலைக்கழித்தது எழுத்து வேறுபாடு. முதல் முறை செலவு அறிக்கை எடுத்தபோது உற்பத்திச் சூழலுக்கே நான்கு வரி வந்தது: சிறிய எழுத்தில் பிராட், முதல் எழுத்து பெரிதாகப் பிராட், பிஆர்டி, புரொடக்ஷன். ஏ.டபிள்யூ.எஸ். டேக்கின் தலைப்பிலும் மதிப்பிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்தை வேறு வேறாகப் பார்க்கும். அசூரில் தலைப்பில் பார்க்காது, மதிப்பில் பார்க்கும். கூகுள் பெரிய எழுத்தை ஏற்பதே இல்லை. மூன்றையும் நினைவில் வைத்து அவதிப்படுவதைவிட எல்லாமே சிற்றெழுத்து என்று முடிவு செய்வது சுலபம்.

தண்டையார்பேட்டையை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று லாரி ரசீதுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2020 ஜூனில் தமிழக அரசே 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. எந்த எழுத்து சரி என்ற வாதத்துக்கு முடிவே கிடையாது. அலுவலகத்தில் நாங்கள் வாதாடவில்லை. அனுமதிக்கப்பட்ட மதிப்புகளை ஒரு தாளில் எழுதி ஒட்டினோம். தாளில் இல்லாதது வேண்டுமென்றால் முதலில் தாளில் சேர்க்க வேண்டும்.

ஒட்டுவது யார்?

கையால் ஒட்டச் சொன்னால் இரண்டு வாரம் ஒட்டுவார்கள். கிளவுட் அமைப்பைக் கோப்பில் எழுதி எழுப்ப உதவும் டெராஃபார்ம் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள், ஏ.டபிள்யூ.எஸ்.ஸோடு அதை இணைக்கும் புரொவைடரில் டீஃபால்ட் டேக்ஸ் என்ற பகுதியில் ஐந்தையும் ஒருமுறை எழுதினால் போதும். பெயரையும் ஒரே மாட்யூல், அதாவது எல்லாரும் திரும்பப் பயன்படுத்தும் ஒரே கோப்புத் தொகுப்பு, கட்டட்டும். ஆட்கள் துண்டுகளை மட்டும் கொடுக்கட்டும். தேவைக்கேற்ப மெஷின்களைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங் குரூப்புக்கு இந்த டீஃபால்ட் போய்ச் சேராது. அங்கே தனியாக எழுதி, எழும்பும் மெஷினுக்கும் டேக் போகும்படி சொல்ல வேண்டும். அசூரில் பொருள்களைச் சேர்த்துவைக்கும் ரிசோர்ஸ் குரூப்பில் ஒட்டிய டேக் உள்ளே இருக்கும் பொருள்களுக்குத் தானாக இறங்காது. விதிகளை அமலாக்கும் அசூர் பாலிசி வைத்து இறக்க வேண்டும்.

ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் டேக்குகளுக்கு விதி வைக்கும் டேக் பாலிசியை நம்பி நான் ஏமாந்த கதையும் உண்டு. தவறான மதிப்பை அது தடுக்கும். டேக்கே ஒட்டாமல் ஒருவர் மெஷினை எழுப்பினால் அதைத் தடுக்காது. அதற்கு, கணக்கில் எதையெல்லாம் செய்யலாம் என்று வரம்பு வைக்கும் சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசி எழுத வேண்டும். டேக் பாலிசி மட்டும் என்றால், எழுத்துப்பிழை உள்ள சீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, சீட்டே இல்லாத வண்டியை வணக்கம் சொல்லி அனுப்பும் வாட்ச்மேன் போல.

ஏ.டபிள்யூ.எஸ். செலவு அறிக்கையில் டேக் தெரிய வேண்டுமானால் பில்லிங் பக்கத்தில் அதைச் செலவுப் பங்கீட்டு டேக்காக இயக்க வேண்டும். தெரிய ஒரு நாள் வரை ஆகலாம். டேக் ஒட்டாத நாட்களின் செலவு, பிறகு ஒட்டினாலும் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே இன்றே இயக்கிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

ஏற்கெனவே இருக்கும் குப்பை

பழைய பெயர்களை எல்லாம் மாற்றக் கிளம்பாதீர்கள். டேக்கை மட்டும் ஒட்டுங்கள். செலவு அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்தி, தினம் பத்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் யாருடையது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் உரிமையில் "தெரியாது" என்று ஒட்டுங்கள். வெறுமையாக விடுவதைவிட அது நேர்மையானது, தேடவும் முடியும்.

தெரியாதவற்றை முதலில் நிறுத்துங்கள், அழிக்காதீர்கள். நிறுத்தும் நேரம் வேலை நாளின் காலை பத்து மணியாக இருக்கட்டும், சனிக்கிழமை மாலை வேண்டாம். நிறுத்திய பிறகு குறைந்தது ஒரு முழு மாதம் பொறுங்கள். மாதக் கடைசியிலோ ஜி.எஸ்.டி. தாக்கல் நாளிலோ மட்டும் எழும்பி வேலை செய்யும் மெஷின்கள் உண்டு. நிறுத்திய ஈ.சி.2 மெஷினுக்கும் டிஸ்க்குக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு டிஸ்க்கின் நகலான ஸ்னாப்ஷாட் எடுத்து, அதற்கும் ஐந்து டேக்கையும் ஒட்டிவிட்டு அழியுங்கள்.

டெஸ்ட்-2 இன்னும் டெஸ்ட்-2 தான். கேட்டில் இருக்கும் நான்கு பிரின்டர்களின் அமைப்பிலும் அந்தப் பெயர் ஊறிக் கிடக்கிறது. சூழல் "பிராட்", உரிமை கேட் குழு என்று டேக் மட்டும் ஒட்டியிருக்கிறேன். பிரின்டர் மாற்றும் அன்று "கேட்-பிராட்-பாம்-பிரி-01" என்று புதிதாக ஒன்று எழும்பும். அதுவரைக்கும், "அந்த டெஸ்ட் மெஷின் உயிரோடு இருக்கிறதா, அம்மா?" என்று சூப்பர்வைசர் சனிக்கிழமைதோறும் அழைத்துக் கேட்கிறார்.