எச்.ஐ.வி.யோட வாழுறவங்களுக்கு மருந்தும் வீடும்: எங்க கேக்கணும், எங்க சொல்லவே வேண்டாம்

ரிசல்ட் பாசிட்டிவ்னு தெரிஞ்ச அன்னைக்கு நிறைய பேர் மருந்தப் பத்தி கேக்குறதே இல்ல, வீட்டு ஓனருக்கு தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லுவாரா, மாமியார் வீட்டுல வெளிய அனுப்பிட்டா புள்ளைங்களோட எங்க போறது, இதத்தான் கேக்குறாங்க. நியாயமான பயம். தமிழ்நாட்டுல மருந்து இலவசமா கிடைக்குது, நல்லாவும் வேலை செய்யுது, ஆனா தங்க இடமும் பஸ் காசும் சாப்பாடும் இல்லன்னா மாத்திரைய விடாம போடுறது ரொம்ப கஷ்டம். அதனாலதான் ரெண்டையும் சேத்து எழுதுறேன்.

முதல்ல மருந்து. வெளிய லேப்ல டெஸ்ட் எடுத்திருந்தாலும் அரசு ஆஸ்பத்திரில இருக்குற நம்பிக்கை மையத்துக்கு போங்க, அங்க இலவசமா திரும்ப டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணி ஏ.ஆர்.டி. மையத்துக்கு, அதாவது எச்.ஐ.வி. மருந்து குடுக்குற இடத்துக்கு, அனுப்புவாங்க. கூட்டு மருந்து இலவசமா குடுக்க ஆரம்பிச்சது 2004 ஏப்ரல்ல, அப்போ நாட்டுலயே வெறும் 8 மையம்தான், அதுல ஒண்ணு நம்ம தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி. அப்போல்லாம் சிடி4, அதாவது ரத்தத்துல இருக்குற நோய் எதிர்ப்பு செல்லோட எண்ணிக்கை, குறையுற வரைக்கும் காத்திருக்கணும். 2017லேர்ந்து அது கிடையாது, பாசிட்டிவ்னு உறுதியானா சிடி4 எவ்வளவு இருந்தாலும் மருந்து தொடங்கலாம். "நான் நல்லாத்தானே இருக்கேன், அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளிப் போடாதீங்க ப்ளீஸ். வாடகை வீட்டுக்கு அட்ரஸ் ப்ரூப் இல்லன்னும் போகாம இருந்துடாதீங்க, அங்க இருக்குற கவுன்சலர்கிட்ட நேரா சொல்லுங்க, வழி சொல்லுவாங்க.

இப்ப பெரும்பாலான பெரியவங்களுக்கு குடுக்குறது டி.எல்.டி.ன்னு ஒரே மாத்திரை, டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூணும் அதுல சேந்திருக்கு, ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். ஒரு விஷயம் கவனிங்க, வயித்தெரிச்சலுக்கு போடுற ஆன்டாசிட், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை இதெல்லாம் டோலுடெக்ராவிர உடம்புல சேர விடாது, அதனால டி.எல்.டி. போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் அதப் போடணும், இல்ல அத முதல்ல போட்டுட்டா ஆறு மணி நேரம் விடணும். சுகருக்கு மெட்ஃபார்மின் போடுறவங்களும் டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. ஆறாவது மாசம், பன்னிரண்டாவது மாசம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை வைரல் லோடு டெஸ்ட், ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்குறது, அதுவும் ஃப்ரீ. ஒழுங்கா மருந்து போட்டு வைரஸ் டெஸ்ட்லயே தெரியாத அளவுக்கு குறைஞ்சு அப்படியே நிலைச்சு இருந்தா உடலுறவு மூலமா இன்னொருத்தருக்கு பரவாது, இது உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட உண்மை, கணவன் மனைவி ரெண்டு பேரும் தெரிஞ்சுக்கணும்.

டி.பி. டெஸ்ட்டும் விடாம எடுங்க. டி.பி. இருந்தா சிகிச்சை இலவசம், அதோட சத்துணவுக்குன்னு மத்திய அரசு மாசம் 1000 ரூபா பேங்க் அக்கவுண்ட்ல போடுது, 2024 நவம்பர் வரைக்கும் அது 500ஆத்தான் இருந்துச்சு. அக்கவுண்ட் நம்பர் குடுக்காம பணம் வராம கெடக்குறவங்க இருக்காங்க, கேட்டு குடுங்க.

கூலி வேலைக்கு போறவங்களுக்கு மாசாமாசம் ஒரு நாள் லீவு போட்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வர்றது பெரிய செலவு. உடம்பு நிலையா இருந்தா மூணு மாச மாத்திரைய ஒரே தடவையா குடுக்க வழி இருக்கு, உங்க ஊர் பக்கத்துல இணைப்பு ஏ.ஆர்.டி. மையம் இருந்தா அங்கயே வாங்கிக்கலாம், ரெண்டையும் நீங்களா வாய்விட்டு கேளுங்க. ஏ.ஆர்.டி. மையத்துக்கு ரயில்ல போனா செகண்ட் கிளாஸ்ல பாதி டிக்கெட் சலுகை உண்டு, அதுக்கான படிவத்த ஆஸ்பத்திரில கையெழுத்து போட்டு குடுப்பாங்க. பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ் எப்படியும் ஃப்ரீதான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். உதவி கேக்கும்போது ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, எச்.ஐ.வி. இருக்குன்னு காட்டினாத்தான் கிடைக்குறது. இன்னொண்ணு, விதவை, வருமானம் குறைவு, குடிசைல இருக்கோம்னு வேற காரணத்துலயே கிடைக்குறது. எப்பவும் ரெண்டாவது வகைய முதல்ல கேளுங்க. தாலுகா ஆபீஸ்லயும் விஏஓ கிட்டயும் உங்க ஸ்டேட்டஸ சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத இடத்துல சொல்லிட்டு, அது ஊர் பூரா பரவி, ஊர விட்டே போனவங்க இருக்காங்க. மனு எழுதிக் குடுக்குறவர்கிட்டயும் இத மறந்துடாம சொல்லி வைங்க, உருக்கமா இருக்கட்டும்னு அவரா சேத்து எழுதிடுவாரு.

சொல்லாமலே கிடைக்குறதுன்னா, முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீடு. வருஷ வருமானம் 1,20,000 ரூபாக்குள்ள இருந்தா வருமானச் சான்று, ஸ்மார்ட் கார்டு, ஆதார் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு கவுண்டருக்கு குடும்பத்தோட போங்க, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை, சந்தேகம்னா 1800 425 3993. விதவை உதவித்தொகை மாசம் 1200 ரூபா, இ-சேவை மையத்துல அப்ளை பண்ணலாம், புருஷன் இறப்புச் சான்று வேணும், ஆனா என்ன நோய்ல இறந்தாருன்னு யாருக்கும் விளக்கம் குடுக்க வேண்டாம்.

சொல்லித்தான் வாங்கணும்னா, ரொம்ப ஏழைக் குடும்பங்களுக்கு குடுக்குற அந்தியோதயா ரேஷன் கார்டு. மாசம் 35 கிலோ அரிசி. வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்குற எச்.ஐ.வி. பாதிச்சவங்க குடும்பத்தையும் இதுல சேக்கணும்னு மத்திய அரசு 2009லயே சொல்லிடுச்சு, ஆனா நெறைய பேருக்கு தெரியாது. ஏ.ஆர்.டி. மையத்துல சான்று வாங்கி வட்ட வழங்கல் அலுவலர்கிட்ட மட்டும் குடுங்க, ரேஷன் கடைல பேச வேண்டாம். தனியா போக தயக்கமா இருந்தா உங்க மாவட்டத்துல எச்.ஐ.வி.யோட வாழுறவங்களே சேந்து நடத்துற பாசிட்டிவ் நெட்வொர்க் ஆளுங்கள கூட கூட்டிட்டு போங்க, அவங்க மொத்தமா சேத்து குடுத்துட்டு வருவாங்க, யார் எங்கன்னு கவுன்சலருக்கு தெரியும்.

வாடகை வீடு. ஓனர்கிட்ட உங்க ஸ்டேட்டஸ சொல்லணும்னு எந்தச் சட்டமும் இல்ல. 2017ல போட்ட எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10லேர்ந்து நடைமுறைல இருக்கு, அதுப்படி எச்.ஐ.வி.ய காரணம் காட்டி வீடு குடுக்க மாட்டேன்னு சொல்றது, காலி பண்ணச் சொல்றது ரெண்டுமே தப்பு. கூட வாழுற குடும்பத்துக்கும் இந்த பாதுகாப்பு உண்டு. ஆனா சட்டம் இருக்குன்னு மட்டும் நம்பி உக்காராம வாடகை ஒப்பந்தத்த எழுத்துல போட்டு பதிவு பண்ணிக்கோங்க, தமிழ்நாட்டுல 2019லேர்ந்து அது கட்டாயம். வாய்ப்பேச்சுல குடியிருந்தா பிரச்சினை வரும்போது உங்க கைல எதுவும் இருக்காது. காலி பண்ண வைக்க ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போகணும், தண்ணியையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. வாடகைய அக்கவுண்ட்ல போடுங்க, ரசீது மாதிரி நிக்கும்.

புருஷன் இறந்ததும் மாமனார் வீட்டுல வெளிய அனுப்புறது, எனக்கு மனசு ஆறாத விஷயம் இதான். அந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டத்துலயே கூட்டா வாழ்ந்த வீட்டுல தொடர்ந்து இருக்குற உரிமை தெளிவா எழுதியிருக்கு, அந்த வீட்டு வசதிய மத்தவங்க மாதிரியே பயன்படுத்துற உரிமையும் சேத்து. குடும்ப வன்முறைச் சட்டத்துலயும் குடியிருக்குற உரிமை உண்டு. இந்து வாரிசு சட்டப்படி புருஷன் உயில் எழுதாம போயிருந்தா அவர் சொத்துல மனைவிக்கும் புள்ளைங்களுக்கும் அவர் அம்மாவுக்கும் சம பங்கு. துக்கம் நடந்த வீட்டுல வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்க வருவாங்க, போடாதீங்கம்மா. வாரிசு சான்றிதழ் வாங்கி வைங்க. வக்கீல் செலவு கவலை வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, கோர்ட் வளாகத்துல இருக்குற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, இல்ல 15100க்கு போன் பண்ணுங்க. கேஸ்ல உங்க பேர மறைச்சு வேற பேர்ல நடத்தக் கேக்கவும் சட்டத்துல இடம் இருக்கு, வக்கீல்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க.

அரசு வீடு வேணும்னா கிராமத்துல கலைஞர் கனவு இல்லம் திட்டம், குடிசைல இருக்குறவங்களுக்கு, இடத்துக்கு பட்டா வேணும். பட்டா இல்லன்னா முதல்ல இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு தாசில்தார்கிட்ட மனு. நகரத்துல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், பழைய குடிசை மாற்று வாரியம்தான். 2011ல வந்த பசுமை வீடு திட்டத்துல எச்.ஐ.வி., டி.பி. பாதிச்சவங்களுக்கு முன்னுரிமைன்னு விதியிலயே இருந்துச்சு, மனுவுல அத முன்னுதாரணமா காட்டிக் கேக்கலாம், ஆனா அப்ப ஸ்டேட்டஸ் வெளிய வரும், யோசிச்சு செய்யுங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுத்து ரசீது நம்பர கட்டாயம் வாங்குங்க, அது இல்லாம ஃபாலோ பண்ண முடியாது. அரசு வீடு கைக்கு வர ரொம்ப நாள் ஆகும், அத நம்பி இருக்குற வாடகை வீட்ட விட்டுடாதீங்க.

ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ண மாட்டோம்னு சொன்னாலோ, எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தாத்தான் பாப்போம்னு சொன்னாலோ அதுவும் அதே எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டப்படி தப்பு, தனியார் ஆஸ்பத்திரியா இருந்தாலும்தான். எழுத்துல காரணம் கேளுங்க, தேதி, நேரம், பேசினவர் பொறுப்பு எல்லாம் குறிச்சு வைங்க. சட்டத்துல குறைதீர்ப்பாளர்னு ஒருத்தர் உண்டு, புகார் வந்து 30 நாளுக்குள்ள உத்தரவு போடணும், மருத்துவ அவசரம்னா முடிஞ்ச வரைக்கும் 24 மணி நேரத்துல. எப்படி அனுப்புறதுன்னு 1097ல கேளுங்க, இலவச நம்பர், பேர் சொல்ல வேண்டாம்.

புள்ளைங்களுக்கு, பாதிச்ச குழந்தைங்களுக்காகவே தமிழ்நாடு அரசு 2009ல ஒரு அறக்கட்டளை தொடங்கி படிப்புக்கும் சத்துணவுக்கும் பணம் குடுக்குது, எப்படி அப்ளை பண்றதுன்னு ஏ.ஆர்.டி. மையத்துல கேளுங்க. குழந்தைங்க பாதுகாப்புக்கான மத்திய அரசு திட்டம் மிஷன் வத்சல்யாவுல தகுதி இருந்தா மாசம் 4000 ரூபா, அதுக்கு மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம். ஸ்கூல்ல சொல்ல வேண்டியதில்ல.

வீடு மாறி வேற மாவட்டம் போறீங்கன்னா கிளம்புறதுக்கு முன்னாடியே மையத்துல சொல்லி டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கோங்க. ராத்திரியோட ராத்திரியா கிளம்ப வேண்டி வந்துச்சுன்னா உங்க ஏ.ஆர்.டி. புக்க மட்டும் எடுத்துக்கோங்க, போற ஊர்ல பக்கத்துல இருக்குற ஏ.ஆர்.டி. மையத்துல அத காட்டினா உங்க நம்பர வச்சு பழைய மையத்துல கேட்டு மாத்திரை குடுப்பாங்க. புக்கோட முதல் பக்கத்த இப்பவே போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.