பழைய வண்டி புகைச் சோதனையில் தேற என்ன செய்யலாம்

பெட்ரோல் பைக்கை மெஷின் சோதிப்பது ஸ்லோவில்தான், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் நின்றபடி ஓடும்போதுதான். வேலூர் பக்கத்து ரத்தினகிரி மேம்பாலத்தில் எப்படி இழுக்கிறது என்பது அதற்குத் தேவையில்லை. அதனால் மெயின் ஜெட் (வேகத்தில் பெட்ரோல் விடும் துளை), பிஸ்டன் ரிங் என்று செலவைப் பெருக்குவதற்கு முன் ஸ்லோவைத் தீர்மானிக்கும் இடங்களைப் பாருங்கள். டிஎன் 23 (வேலூர்) நம்பரில் ஓடும் பழைய ஸ்ப்ளெண்டர், பேஷன் வகை வண்டிகளில் பெரும்பாலானவை அதிலேயே தேறிவிடும்.

எல்லையைத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள். 2000 மார்ச் 31-க்குப் பிறகு தயாரான, பிஎஸ்-4-க்கு (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் நாலாம் கட்டம்) முந்தைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). டூ ஸ்ட்ரோக்குக்கு அதே 3.5 சதவீதம், 6000 பிபிஎம். அந்தத் தேதி வரை தயாரான வண்டி என்றால் 4.5 சதவீதம், 9000 பிபிஎம் வரை விடுவார்கள்.

ஃபெயில் ஆனால் "புகை அதிகம்" என்ற ஒரு வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். இரண்டு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். நோய் எது என்று அந்த எண்களே சொல்லும். மோனாக்சைடு மட்டும் ஏறியிருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது: ஏர் ஃபில்டர் அடைப்பு, சோக் முழுதாகத் திறக்காதது, கார்ப்பரேட்டரில் ஃப்ளோட் (பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவை) மட்டம் உயர்ந்தது. ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியே வருகிறது: பிளக் சரியாக அடிக்கவில்லை, வால்வு இடைவெளி தவறு, அல்லது மிக்சர் (காற்று-பெட்ரோல் கலவை) அளவுக்கு மீறி லீன், அதாவது பெட்ரோல் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் ஃபில்டரையும் பிளக்கையும் முதலில் மாற்றிவிட்டு மறுபடி அளப்பதே சிக்கனம்.

ஏர் ஃபில்டரில் ஆரம்பியுங்கள். கிராமத்து மண் ரோட்டிலும் குவாரி லாரிகளுக்குப் பின்னாலும் ஓடும் வண்டிக்கு கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. அதில் பாதிக்கே திறந்து பாருங்கள். ஃபோம் என்றால் மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் காயவைத்து, லேசாக எண்ணெய் தடவி மறுபடி பிழிந்து மாட்ட வேண்டும். எண்ணெய் சொட்டச் சொட்ட மாட்டினால் அதுவே அடைப்பு. காய்ந்த பேப்பர் ஃபில்டரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஊதலாம். பிசுபிசுப்பான பேப்பர் வகையை ஊதக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

பிளக்கின் முனை இளம் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் புதிதாகப் போட்டு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்து 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

அடுத்தது கார்ப்பரேட்டர். பைலட் ஜெட்டை (ஸ்லோவில் பெட்ரோல் விடும் சிறு துளை) ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, அப்புறம் எந்த ட்யூனிங்கும் நிற்காது. கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் காற்று ஊதினால் போதும். மாட்டிய பிறகு எஞ்சினை நன்றாகச் சூடாக்கி மிக்சர் திருகுக்கு வாருங்கள். திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகு. வெளியே திருப்பினால் லீன். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் திருகு. வெளியே திருப்பினால் ரிச், அதாவது பெட்ரோல் கூடுதல். இதைத் தலைகீழாக நினைத்துத் திருப்பியே பல வண்டிகள் கெடுகின்றன. முதலில் உள்ளே மெதுவாகத் திருப்பி, தட்டும் இடம் வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் முனை நசுங்கும். பழைய இடத்துக்கே கொண்டுவந்து, கால் சுற்றாகத் திருப்பி, ஸ்லோ எங்கே உச்சத்துக்கு ஏறுகிறது என்று கேளுங்கள். அந்த இடத்திலிருந்து லீன் பக்கம் ஒரு சிறு அசைவு. பிறகு ஸ்லோ திருகால் 1400 ஆர்பிஎம் அளவுக்கு இறக்குங்கள். ஸ்லோவை ரொம்பத் தாழ்த்தினால் எஞ்சின் தட்டித் தட்டி ஓடி ஹைட்ரோகார்பன் ஏறும்.

ஏலகிரியில் ட்யூன் செய்த வண்டி கீழே இறங்கினால் லீன் ஆகிவிடும், மலைமேல் காற்று மெலிது. சோதனை எங்கே நடக்கிறதோ அந்தப் பக்கமே ட்யூன் செய்யுங்கள். இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோலும் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) மிக்சரை லீன் பக்கம் தள்ளும். பழைய செட்டிங்கில் தேறிய வண்டி திடீரென ஹைட்ரோகார்பனில் தோற்றால் இதையும் நினையுங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்கில் இருக்கும் பெட்ரோலை மட்டும் நம்பாதீர்கள், வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

சைலன்சரில் ஓட்டை, வளைவில் கேஸ்கெட் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து ரீடிங் கெடும். ஈரத்துணியால் முனையை இரண்டு நொடி அடைத்துப் பாருங்கள். வேறெங்காவது புஸ்ஸென்று வந்தால் வெல்டிங் தேவை.

டூ ஸ்ட்ரோக் சேட்டக் ஸ்கூட்டரில் பெட்ரோலோடு கலக்கும் எண்ணெய் அளவுதான் முக்கியம். லிட்டருக்கு 20 மில்லி, அதுவும் டூ-டி (டூ ஸ்ட்ரோக்குக்கான) எண்ணெய். 'நல்லா இருக்கட்டும்' என்று கைமணத்தில் ஊற்றினால் நீலப் புகைதான் மிஞ்சும். சைலன்சரில் கரி கெட்டியாகியிருந்தால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் போகாதீர்கள்.

கார்களில் எல்லை இன்னும் இறுக்கம்: பிஎஸ்-2, பிஎஸ்-3 பெட்ரோல் காருக்கு 0.5 சதவீதம், 750 பிபிஎம். ஃபில்டர், பிளக், ஆக்சிஜன் சென்சார், கடைசியில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற வரிசையில் பாருங்கள். விலை கூடிக்கொண்டே போகும் வரிசையும் அதுதான்.

டீசலில் சோதனையே வேறு. நியூட்ரலில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து விட்டு, புகையின் கருமையை அளப்பார்கள். பிஎஸ்-4-க்கு முந்தையதற்கு 65 எச்எஸ்யு (புகையின் கருமையை அளக்கும் அலகு). டைமிங் பெல்ட் காலாவதியாகியிருந்தால் அந்த மிதியில் அறுந்து எஞ்சினையே கெடுத்துவிடலாம், முதலில் அதைப் பாருங்கள். கருப்புப் புகைக்கு ஏர் ஃபில்டரும் நாசில்களும் (டீசலைத் தெளிக்கும் முனைகள்)தான் வழக்கமான காரணம். நாசில்களை டீசல் பம்ப் ரிப்பேர் கடையில் கொடுத்து, அழுத்தம் பார்த்துத் திரும்ப வாங்குங்கள்.

சோதனை நாளில் குளிர்ந்த எஞ்சினோடு போகாதீர்கள். வேலூர் சத்துவாச்சாரியில் கிளம்பி ரத்தினகிரி வரை போய்த் திரும்பினால் எஞ்சின் தயார். டீசல் என்றால் அந்த ஓட்டத்தில் ஒரு கியர் குறைத்து இழுங்கள், பைப்பில் படிந்த கரி வெளியேறும். வரிசையில் ஆஃப் செய்து அரை மணி நிற்க வைத்தால் இந்த உழைப்பு வீண். மெஷினின் குழாயை உள்ளே விடும் முன் சோக் லிவர் முழுதாக ஆஃப் நிலைக்குத் திரும்பியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

ஆர்சி, ஓடிபி வர செல்போன் இரண்டும் கையில் இருக்கட்டும். பிஎஸ்-3 வரையிலான வண்டிக்குச் சான்றிதழ் ஆறு மாதம், பிஎஸ்-4 முதல் ஒரு வருடம். பதினைந்து வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகிறவர்கள், ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போகும் தேதியில் இந்தச் சான்றிதழ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.