யாழ்ப்பாணத்தில் முன்னோரைத் தேடி வருவோருக்கு

பூட்டன் பூட்டியின் பெயரைப் பழைய குடிசன மதிப்பீட்டில் பார்த்துவிடலாம் என்று நம்பி யாழ்ப்பாணம் வருவோர் பலர். இலங்கை முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் எடுக்கப்பட்டது. ஆனால் அச்சாகி வெளிவந்த அறிக்கைகளில் இருப்பவை தொகைகளே. ஊர் அன்று எந்தப் பகுதியில் அடங்கியிருந்தது என்பதை அவற்றில் பார்த்துக்கொள்ளலாம். ஆளைத் தேடுவதற்குக் கோயிற்பற்றுப் (கிறிஸ்தவ ஆலயப் பங்கு) பதிவேடுகளையும் பிறப்பு, விவாகப் பதிவுகளையுமே நாட வேண்டும்.

புறப்படுமுன் குடும்பத்து முதியவர்களிடம் ஊரோடு அதன் உட்பிரிவான குறிச்சியையும், எந்தக் கோயிற்பற்றைச் சேர்ந்தவர்கள் என்பதையும், அண்ணளவான ஆண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தகப்பன் பெயரே முன்னெழுத்தாக வருவதாலும், பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கத்தாலும், ஒரே குறிச்சியில் ஒரே பெயருடன் பலர் இருந்திருப்பர். ஆகவே கணவன், மனைவி இருவரின் பெயர்களையும் சேர்த்தே தேடுங்கள்.

கத்தோலிக்கப் பங்குகளின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளில் இலத்தீனில் எழுதப்பட்டவையும் உண்டு. பிள்ளையின் பெயர், ஞானஸ்நானம் பெற்ற நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், குருவானவரின் கையொப்பம் என்று செல்லும் அந்தப் பதிவில் பலர் பெற்றோரின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். ஞானத்தகப்பன் தாய்மாமனாகவோ சிற்றப்பனாகவோ இருப்பது வழக்கமாதலால், குடும்பத்தின் அடுத்த கிளைக்கு அங்கிருந்தே வழி பிறக்கும். 20ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் பக்க ஓரத்தையும் பாருங்கள். அதே பிள்ளை பின்னர் எந்தப் பங்கில் யாரை மணந்தார் என்ற குறிப்பு அங்கே இருக்கக்கூடும்.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனின் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் முதலிய சபைகளில் சிக்கல் வேறு. மிஷன் பாடசாலைப் பிள்ளைகள் பலருக்கு அமெரிக்கக் கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டன. புலவர் சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் என்றும் அறியப்பட்டவர். வீட்டில் எவரும் கேள்விப்படாத ஆங்கிலப் பெயர் பதிவில் இருந்தால், தகப்பன் பெயரையும் ஊரையும் ஒப்பிடாமல் அதைத் தள்ளிவிடாதீர்கள்.

சைவக் குடும்பங்களுக்குத் திருச்சபை ஏடுகளால் பயனில்லை என்று எண்ணுவதும் சரியன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் விவாகப் பதிவுக்கும் முதுசொத்துக்கும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தமையால், வெளிக்குக் கிறிஸ்தவராகவும் வீட்டில் சைவராகவும் வாழ்ந்தவர்கள் ஏராளம். எனினும் நடைமுறையில் சைவர்களுக்குக் கைகொடுப்பது மகளுக்குச் சீதனமாகக் காணி எழுதிக்கொடுத்த பத்திரமாகிய சீதன உறுதிதான். பெற்றோர், மகள், காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நான்கு எல்லைகளிலும் உள்ள அயற்காணிக்காரரின் பெயர்கள் எல்லாம் ஒரே உறுதியில் கிடைக்கும். தாய் தகப்பன் காணியைப் பங்கிட்டிருந்தால் அந்த அயற்காணிக்காரர் சகோதரர்களாகவே இருக்கக்கூடும். பழைய உறுதிகள் பெட்டியடியில் கிடக்கின்றனவா என்று ஊரிலுள்ள உறவினரிடம் முதலிலேயே கேட்டுவையுங்கள்.

பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் வேலை விரைவில் முடியும். பங்குத்தந்தைக்கோ போதகருக்கோ முன்கூட்டியே எழுதி, ஞாயிறையும் திருவிழாக் காலத்தையும் தவிர்த்துச் செல்லுங்கள். அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். வலிகாமம் வடக்குப் போன்று போரினால் இடம்பெயர்ந்த பகுதிகளின் ஏடுகள் வேறிடத்தில் இருக்கக்கூடுமாதலால், பங்கில் இல்லை என்ற பதில் வந்தால் ஆயர் இல்லத்திலும் விசாரித்துப் பாருங்கள்.