பைனாகுலர் வாங்கியாச்சு, சரி. வீட்டில் அதை எங்கே வைக்கிறீர்கள்?

போன வாரம் ஒரு குழுவோடு பறவை பார்க்கப் போயிருந்தேன். பாதிப் பேர் புதியவர்கள். அவர்கள் கழுத்தில் தொங்கிய பைனாகுலர்களையும் அவற்றை அவர்கள் கையாண்ட விதத்தையும் பார்த்துக்கொண்டே நடந்ததில், பறவைகளைவிட என்னுடைய பழைய முட்டாள்தனங்களைத்தான் அதிகம் பார்த்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அவற்றையும், கூடாரம், மழைச்சட்டை மாதிரி மற்றச் சாமான்களில் செய்கிற தவறுகளையும்தான் கீழே ஒவ்வொன்றாக எழுதுகிறேன். சூரியனை நேராகப் பார்க்காதே, கீழே போடாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது பெட்டிக்குள் வரும் தாளிலேயே இருக்கிறது.

பெரிய எண்ணைப் பார்த்து மயங்குவது

8×42 என்றால் 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ. எட்டும் பன்னிரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை பன்னிரண்டைத்தான் எடுக்கும். என் கையும் அதைத்தான் எடுத்தது. பறவை 12 மடங்கு பெரிதாகும்போது கை நடுக்கமும் 12 மடங்காகிறது. பார்வைப் பரப்பு வேறு சுருங்கிவிடும். கிளைக்குக் கிளை தாவுகிற குருவியை அந்த ஓட்டைக்குள் கொண்டுவருவதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போயிருக்கும்.

சட்டைப்பையில் அடங்குகிற குட்டி பைனாகுலரில் வேறு சிக்கல். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும். 8×42-இல் அது 5 மி.மீ.க்குச் சற்று மேல். 10×25-இல் வெறும் 2.5. நல்ல வெயிலில் நம் கண்மணியே 2, 3 மி.மீ.தான் திறந்திருக்கும், அதனால் வித்தியாசம் தெரியாது. விடியற்காலையிலும் அந்தியிலும், அதாவது காட்டில் எல்லாமே நடமாடுகிற நேரத்தில், கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு ஏங்கும்போது அந்தக் குட்டி கைவிட்டுவிடும். கடையின் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

ஜூம் பைனாகுலர்

வேண்டாம்.

வலது கண் வளையத்தைத் தொடாமலே இருப்பது

அன்று ஒருவர் "பத்து நிமிஷம் பார்த்தாலே தலைவலிக்குது, இதை வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். வாங்கிப் பார்த்தேன். வலது கண் வைக்கும் பக்கத்தில், இரண்டு கண்ணுக்கும் உள்ள பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டயாப்டர் வளையம் ஒரு கோடிக்குப் போய் நின்றது, பையில் உரசித் திரும்பியிருக்கும். வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், அதே பொருளை அந்த வளையத்தால் வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அவ்வளவுதான். அவர் இப்போது விற்கவில்லை.

மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்ணை ஒட்டி வரும் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவிட்டுப் பாருங்கள். வாங்கும்போதே, கண்ணுக்கும் லென்ஸுக்கும் 15, 16 மி.மீ. இடைவெளியாவது கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

ஈரத்தோடு பெட்டிக்குள் பூட்டுவது

இதற்குத்தான் இத்தனை நீட்டி எழுதுகிறேன். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் வயிறு எரிகிறது.

மூன்று நாள் மழையில் நடந்துவிட்டு வந்தேன். பைனாகுலரின் வெளிப்பக்கத்தை ஒழுங்காகத்தான் துடைத்தேன். கழுத்து வாரில் ஈரம் இருந்தது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வாரைச் சுருட்டி, அதோடு வந்த தோல் பெட்டிக்குள் வைத்து, பத்திரமாக இருக்கட்டுமென்று துணி அலமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால் தள்ளினேன். நான்கு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. திறந்தபோது முதலில் ஊசிப்போன தோல் வாசம். கண்ணில் வைத்தால் எல்லாம் லேசாகப் பனி படர்ந்த மாதிரி இருந்தது. துடைத்தேன், போகவில்லை. முன் லென்ஸ் வழியாக டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன்: உள்ளே, லென்ஸின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூலைவிட மெல்லியதாகக் கிளைகிளையாகப் பிரிந்து ஓடியிருந்தது பூஞ்சை.

பழுது பார்ப்பவர் பூஞ்சையைத் துடைத்து எடுத்துவிட்டார். தழும்பு போகவில்லை. அது வளரும்போது சுரக்கிற அமிலம் லென்ஸ் மேல்பூச்சை அரித்துவிடுகிறது, கண்ணாடியிலேயே தடம் பதிந்துவிடுகிறது. பிரித்துச் சேர்த்ததில் இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்காமல் போக, அதைச் சரிசெய்ய இன்னொரு செலவு. இரண்டையும் கூட்டினால் இன்னொரு பைனாகுலரே வாங்கியிருக்கலாம்.

இதைச் சொன்னால் உடனே, "என்னுடையது வாட்டர்ப்ரூஃப், உள்ளே நைட்ரஜன் நிரப்பியது" என்பார்கள். நல்லது, என்னுடைய பழையதுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அந்த வாயு உள்பக்கத்தைத்தான் காக்கும். வெளி லென்ஸின் மேல் விரல் எண்ணெயும் தூசியும் ஈரமும் சேர்ந்தால் அங்கேயும் பூஞ்சை வரும். அதற்கு வேண்டியது இருட்டும் காற்றோட்டமில்லாத இடமும் 70 சதவீதம் போல ஈரப்பதமும். மூடிய தோல் பெட்டி இந்த மூன்றையும் சேர்த்தே தருகிறது. கடைக்காரர் அதை இலவசமாகத் தருவதாக வேறு சொல்வார்!

நான் இப்போது செய்வது: வந்ததும் வாரைக் கழற்றித் தனியாகக் காயப்போடுவேன். மூடிகளை எடுத்துவிட்டு ஓர் இரவு மின்விசிறிக் காற்றில் வைப்பேன். வெயிலில் வைப்பதில்லை, லென்ஸ் வழியாக வெயில் குவிந்து எதையாவது பொசுக்கும். அப்புறம் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, கூடவே சிலிக்கா ஜெல். நிறம் மாறுகிற ஜெல்லாக வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் அது ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கி உலர்த்தினால்தான் மறுபடி வேலை செய்யும். மாதக்கணக்கில் மாற்றாத ஜெல் பொட்டலத்தைக் காட்டி "ஜெல் போட்டிருக்கேனே" என்பவர்களிடம் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். இதெல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உண்டு: வாரம் ஒருமுறை எடுத்து, சும்மா ஜன்னல் வழியாகவாவது பாருங்கள்.

கூடாரத்துக்கும் இதே கதைதான். ஈரமாகச் சுருட்டி வைத்தால் உள்பூச்சு நாளடைவில் பிசுபிசுவென்று உரிந்துவிடும்.

சட்டை நுனியால் துடைப்பது

முதலில் தூசியைக் காற்றடித்து விரட்டும் ஊதுபந்து, அடுத்து மென்தூரிகை, கடைசியில்தான் லென்ஸ் துணி. மண்துகளோடு துடைத்தால் அது துடைப்பதில்லை, தேய்ப்பது.

மழைச்சட்டையைத் துணி மென்மையாக்கும் திரவத்தில் அலசுவது

தண்ணீர் உருண்டு ஓடும் தன்மை போய்விடும். ஒட்டாமல் ஓடிய மழை, துணியில் ஊற ஆரம்பித்தால் உள்ளே வியர்வையும் வெளியேறாது, ஒழுகுகிறது என்று நினைத்துச் சட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். பல நேரம் நன்றாக அலசி, லேபிளில் சொன்ன அளவுக்குச் சூடு காட்டினாலே பாதி உயிர் திரும்பிவிடும்.

தலைவிளக்கை பேட்டரியோடு வைப்பது

கழற்றுங்கள்.

துப்பாக்கி ஸ்கோப்பால் தேடுவது

வேட்டைக்கு அனுமதி உள்ள இடங்களில் இருப்பவர்களுக்கு. புதருக்குள் அசைவது மானா மனிதரா என்று ஸ்கோப்பை, அதாவது துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கியை, வைத்துப் பார்ப்பவர், அது யாரென்று தெரியும் முன்பே துப்பாக்கியை அவர்மேல் நீட்டியாயிற்று. தேடுவதற்குக் கழுத்தில் பைனாகுலர் இருக்கட்டும்.