டெர்மினலில் தமிழ் எண்ணாக மாறிவிட்டதா? லோகேலைச் சரிசெய்வோம்

திருப்பூரில் மச்சான் ஒருவர் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். ஜாப் ஒர்க் கணக்கையெல்லாம் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன லினக்ஸ் சர்வரில் போட்டு வைப்பார். ஃபைல் பெயர்கள் எல்லாம் தமிழில்: நூல் வரவு, ஓவர்லாக் கூலி, சாயப்பட்டறை பாக்கி. சர்வரை மாற்றிய அன்று ராத்திரியே போன். "ஏனுங் மாப்ள, நூல் வரவு ஃபைலைக் காணோமுங்க. வெறும் நம்பரா நிக்குது."

போய்ப் பார்த்தால் ஃபைல் அங்கேயேதான் இருக்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 340, 256, 250, 340, 257, 202 என்று சாய்கோட்டோடு ஒரு நீளமான வரிசை. முதல் மூன்றும் சேர்ந்தால் 'ந', அடுத்த மூன்றும் சேர்ந்தால் அதன் மேல் ஏறும் ஊகாரக் குறி. எழுத்துகளைப் பைட்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அந்தப் பைட்களை எழுத்தாகச் சேர்த்துப் படிக்கத் தெரியாத நிலையில் ஷெல் (நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் புரோகிராம்) இருந்தால், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை அவற்றை இப்படி எண்ணாகக் கொட்டிவிடும். டேட்டாவுக்கு ஒரு சேதமும் இல்லை. கோளாறு லோகேலில், அதாவது எந்த மொழி, எந்த எழுத்து முறை என்று புரோகிராம்களுக்குச் சொல்லும் அமைப்பில். பயந்து போய் ஃபைல் பெயரை மாற்றத் தொடங்கிவிடாதீர்கள்.

ஒரு சங்கதி. கட்டளைகளை இங்கே தமிழில் ஒலித்துக் காட்டியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். லோகேல் பெயரை வைத்திருக்கும் மாறிகளான லாங்கும், எல்சி என்று தொடங்குபவையும் முழுக்கப் பெரிய எழுத்து. கட்டளைகள் சின்ன எழுத்து.

முதல் படி: இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்

லோகேல்

இதைத் தட்டி எண்டர் அடித்தால் பத்துப் பதினைந்து வரி வரும். மேலே 'டீஃபால்ட் லோகேலை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு வரி வந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். நோயே அதுதான்.

கீழே உள்ள வரிகளில் இரட்டை மேற்கோள் குறியையும் கவனியுங்கள். மேற்கோளுக்குள் இருக்கும் மதிப்பு வேறொன்றிலிருந்து இரவல் வந்தது. மேற்கோள் இல்லாமல் இருந்தால் யாரோ வேண்டுமென்றே வைத்தது. எங்கே கை வைப்பது என்று இது சொல்லிவிடும். பல வருடம் இது தெரியாமலேயே நானும் குருட்டாம்போக்கில் மாற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் படி: அந்தப் பெயர் இந்த மெஷினில் உண்டா?

லோகேல் -ஏ

இந்த மெஷினில் உண்மையிலேயே உருவாக்கி வைத்திருக்கும் லோகேல்களின் பட்டியல் இது. மச்சான் சர்வரில் மூன்றே மூன்றுதான்: சி, சி.யூடிஎஃப்8, பாசிக்ஸ். லாங் மாறியிலோ இஎன்_ஐஎன் என்று, அதாவது இந்திய ஆங்கிலம் என்று இருக்கிறது. பெயர் சொல்லியாகிவிட்டது, ஆள் இல்லை. தேடியது கிடைக்காவிட்டால் புரோகிராம்கள் பழைய 'சி' லோகேலுக்கே போய்விடும். அதற்குத் தமிழ் தெரியாது.

யார் வைத்தது அந்த இஎன்_ஐஎன்? சர்வரில் யாரும் வைக்கவில்லை. அவருடைய லேப்டாப் வைத்தது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில், எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும்போது லாங்கும் எல்சி வகையறாவும் கூடவே போகும்படிதான் வழக்கமாக அமைத்திருப்பார்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: அதன் டெர்மினல் சில சமயம் எல்சி_சிடைப் மாறியில் வெறும் யூடிஎஃப்-8 என்று மட்டும் அனுப்பும். லினக்ஸில் அப்படியொரு பெயரே கிடையாது.

மூன்றாம் படி: இல்லாததை உருவாக்குங்கள்

டெபியன், உபுண்டு என்றால்:

சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லோகேல்ஸ்

பட்டியலில் இஎன்_ஐஎன் மேல் ஸ்பேஸ் பார் தட்டி, ஓகே கொடுங்கள். இந்தக் கட்டளை ஓடவில்லை என்றால் லோகேல்ஸ் பேக்கேஜையே இன்ஸ்டால் செய்திருக்க மாட்டார்கள். முதலில் அதைச் செய்யுங்கள். ஃபெடோராவில் மொழிக்கு ஒரு பேக்கேஜ்: தமிழுக்கு ஜிலிப்சி-லாங்பேக்-டிஏ.

டிஏ_ஐஎன், அதாவது தமிழ் லோகேலையே வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் தமிழ் எழுத்து சரியாகத் தெரிவதற்கு அது தேவையில்லை, யூடிஎஃப்-8 லோகேல் எதுவாக இருந்தாலும் போதும். சர்வரில் நான் தமிழ் லோகேல் வைப்பதில்லை. பிழைச்செய்தி பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வரும், அதைத் தேடினால் விடையும் கிடைக்காது.

வெளியே வந்து மறுபடி லாகின் செய்து, சோதித்துப் பாருங்கள்:

பிரின்ட்எஃப் மஞ்சள் | டபிள்யூசி -எம்

6 என்று வர வேண்டும். மஞ்சளில் நாலு எழுத்துதானே என்பீர்கள், ஈரோட்டுக்காரன் எனக்கு அது தெரியாதா! கம்ப்யூட்டர் இரண்டு புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணுகிறது. இப்போது இதை அடியுங்கள்:

பிரின்ட்எஃப் மஞ்சள் | எல்சி_ஆல்=சி டபிள்யூசி -எம்

18 வரும். ஆறு மூணு பதினெட்டு, வெறும் பைட் கணக்கு. முதல் கட்டளைக்கே உங்களுக்கு 18 வந்தால் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். மாறியை நடுவில் உள்ள | கோட்டுக்கு வலப்பக்கம் வைத்திருப்பதையும் பாருங்கள். இடப்பக்கம் வைத்தால் அது பிரின்ட்எஃப்பை மட்டுமே பிடிக்கும், எண்ணுவது டபிள்யூசி.

எது யாரை அடக்கும்?

லாங் பொதுவானது. எல்சி_டைம், எல்சி_நியூமெரிக் போன்றவை தேதி, எண் என்று ஒவ்வொரு துறைக்கும் தனி. தன் துறையில் லாங்கை மீறும். எல்சி_ஆல் வீட்டில் அப்பாரு மாதிரி. அவர் வாயைத் திறந்தால் வேறு யார் பேச்சும் எடுபடாது. அதனால்தான் எல்சி_ஆலை, ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில் நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள் என்கிறேன். பிற்பாடு தேதியை மட்டும் மாற்றப் பார்ப்பீர்கள், மாறாது, மண்டை காயும். மேலே செய்தது போல ஒரு கட்டளைக்கு மட்டும் வைத்துப் பார்க்க அது நல்ல சாமான். ஏற்கெனவே வைத்திருந்தால் அன்செட் எல்சி_ஆல் என்று கழற்றிவிடுங்கள்.

மாறியை வைக்கும்போது சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடக் கூடாது. விட்டால் லாங் என்று ஒரு கட்டளை இருப்பதாக நினைத்து ஷெல் தேடப் போய்விடும். புதிதாக ஒரு மாறி வைத்தால் முன்னால் எக்ஸ்போர்ட் போடுங்கள். இல்லாவிட்டால் அது அந்த ஷெல்லோடு நின்றுவிடும், அது கிளப்பிவிடும் புரோகிராம்களுக்குப் போகாது.

இவ்வளவும் செய்து நூல் வரவு திரும்பக் கிடைத்த மூன்றாம் நாள் மச்சான் மறுபடி கூப்பிட்டார். குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டும் கிரான் ராத்திரி ஓட்டும் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பார்ட்டி பெயரிலும் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்துப் பட்டியல் போடும். கையால் ஓட்டினால் சுத்தமாக வருகிறது, கிரானில் வந்தால் ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் ஒரு கேள்விக்குறிக் கட்டம். லாங் வந்தது லேப்டாப்போடு அல்லவா? கிரானுக்கு ஏது லேப்டாப்! அது 'சி' லோகேலில் ஓடி, பத்து எழுத்துக்குப் பதில் பத்துப் பைட்டை வெட்டியிருக்கிறது. மூன்று குறிக்கு ஒன்பது போக, பத்தாவது பைட் நாலாவது குறியின் தலை மட்டும். கிரான்டேப் -இ திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தேன்:

லாங்=சி.யூடிஎஃப்-8

மறுநாள் காலையில் பட்டியல் சரியாக வந்திருந்தது. சாயப்பட்டறை பாக்கி மட்டும் அப்படியேதான் நின்றது.