கூட்டம் நிறைந்த ஓவியத்தைப் பிரதி எடுக்கிறீர்களா? முகத்தில் ஆரம்பிக்காதீர்கள்

ஆயில் பெயின்டிங் பழகுகிறவர்களுக்கு ரஷ்ய ஓவியர் வசீலி சூரிகோவின் 'பொயாரினா மொரோசோவா'வைப் (சீமாட்டி மொரோசோவா) போல ஒரு வாத்தியார் கிடைப்பது அரிது. 1887-இல் முடிந்த ஓவியம்; மாஸ்கோ திரெத்யகோவ் காட்சியகத்தில் இருக்கிறது. திருச்சபையின் புதிய சடங்குகளை ஏற்க மறுத்த அந்தச் சீமாட்டியை 1671-இல் கைது செய்து, சங்கிலி பூட்டி, பனிச்சறுக்கு வண்டியில் கொண்டுபோகிறார்கள். தெருவின் இரு பக்கமும் ஜனம்.

இதைப் பிரதி எடுக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நேராக அவள் முகத்துக்குத்தான் போகிறார்கள். மூக்கு, கண் எல்லாம் பிரமாதமாக வந்துவிடும். அடுத்த முகம், அதற்கடுத்த முகம் என்று போகப்போக ஒவ்வொருவரும் தனித்தனியாக நிற்பார்கள், கூட்டம் இருக்காது. சூரிகோவ் கூட்டத்தைத்தான் முதலில் தீட்டினார். அவள் முகத்தை எப்படி வரைந்தாலும் கூட்டம் அதை விழுங்கிவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். கூட்டத்துக்கு ஈடுகொடுக்கும் முகம் கிடைக்கும்வரை தேடினார்.

அதனால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். வெளிறிய பனி, இரு பக்கமும் அடர்ந்த ஜனத்திரள், நடுவே குறுக்காக ஓடும் கறுப்பு. முதல் நாள் இந்த மூன்றையும் அகலப் பிரஷ்ஷால் போட்டால் போதும், கண்ணும் மூக்கும் வேண்டாம். பின்வரிசை ஆட்களுக்குக் கோடு போட்டு விளிம்பு கட்டாதீர்கள், ஒருவர் தோள் அடுத்தவர் நிழலில் கரையட்டும்.

அடுத்தது அளவு. அசல் ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், 6 மீட்டர் அகலம். கடையில் கிடைக்கும் 24×36 அங்குல கேன்வாஸில் அதை அடக்கப் பார்த்தால் பக்கத்தை வெட்டவேண்டும், இல்லையென்றால் படத்தை நசுக்கவேண்டும். வண்டி நகர்வதுபோல் தெரியவேண்டும் என்பதற்காகவே சூரிகோவ் கீழே கேன்வாஸ் சேர்த்துத் தைத்தவர்! அப்படி இடம் சேர்த்த படத்தையா வெட்டுவது? 50×97 செ.மீ. சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். அதிலும் பின்வரிசை முகங்கள் சுண்டுவிரல் நகத்தளவுதான் வரும். முதல்முறை என்றால் வலது மூலையில் பனியில் வெறுங்காலோடு உட்கார்ந்து, அவளைப் போலவே இரண்டு விரலை உயர்த்தும் பித்தனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அதுவே நல்ல ஆரம்பம்.

பனிக்கு ட்யூப் வெள்ளையை அப்படியே அப்பினால் சுண்ணாம்புச் சுவர்தான் கிடைக்கும். வண்டித் தடத்தின் பள்ளத்தை உற்றுப் பாருங்கள்: நீலம், ஊதா, லேசான பழுப்பு எல்லாம் அங்கே இருக்கின்றன. தூய வெள்ளைக்கு அங்கே அநேகமாக வேலையே இல்லை. அவளுடைய கறுப்பு உடைக்கும் இதே கதைதான். அல்ட்ராமரைன் என்ற அடர்நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பையும் கலந்தால் வரும் கருமையில் உயிர் இருக்கும். வேண்டிய இடத்தில் நீலப் பக்கமோ பழுப்புப் பக்கமோ சாய்த்துக்கொள்ளலாம்.

ட்யூபில் வரும் கறுப்பான ஐவரி பிளாக்கை அடித்தளத்தில் தடிமனாகப் போடவே வேண்டாம். அது மெதுவாகக் காயும். மேலே சீக்கிரம் காயும் வண்ணம் உட்கார்ந்தால் வெடிப்பு விழும். கீழ்ப்பூச்சு டர்பன்டைன் கலந்து மெல்லிசாக, மேலே போகப்போக லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) கூட்டி: இந்த வரிசை மாறக்கூடாது. அப்புறம் வார்னிஷ். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அடித்துவிடாதீர்கள், மெல்லிய பூச்சுக்கே ஆறு மாதம் விடுங்கள்.